மேன்லாக் டீமுக்குப் பெயர் கொடுக்கலாமா? அழுத்தக் காற்றில் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள்

அறந்தாங்கிக்காரன்:

அண்ணன்மார்களுக்கு வணக்கம். சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் சுரங்க வேலையில் இருக்கிறேன். சுரங்கம் தோண்டும் டிபிஎம் மெஷினுக்குப் பின்னால், சுரங்கச் சுவருக்கான கான்கிரீட் துண்டுகளை (செக்மென்ட்) மாட்டும் கேங். இப்போது மெஷின் பாறையும் மண்ணும் கலந்த இடத்துக்கு வந்துவிட்டது. முன்னால் இருக்கும் கட்டர்கள் தேய்ந்துபோய்விட்டன, மாற்றியாக வேண்டும். காற்றழுத்தம் ஏற்றி இறக்கும் இரும்பு அறை (மேன்லாக்) வழியே உள்ளே போகும் டீமுக்கு ஆள் போதவில்லை என்று பெயர் கேட்கிறார்கள். உள்ளே போகும் ஒவ்வொரு முறைக்கும் தனி அலவன்ஸ் உண்டு. அடுத்த வாரம் மெடிக்கலுக்கு அனுப்புவார்களாம்.

டார்மிட்டரியில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். காது செவிடாகும் என்கிறார் ஒருவர். பல வருஷம் கழித்து இடுப்பு எலும்பு போய்விடும் என்கிறார் இன்னொருவர். "ஒன்றுமில்லை, உட்கார்ந்து எழுந்து வருகிற வேலை, காசு சும்மா வருது" என்பவரும் இருக்கிறார். சேஃப்டி பிரீஃபிங் முழுவதும் இங்கிலீஷில் நடந்தது. எனக்குப் பாதிதான் பிடிபட்டது.

எனக்கு அடிக்கடி மூக்கடைப்பு உண்டு, அதனால் பிரச்சினை வருமா? அடுத்த மாதம் தங்கை கல்யாணம். வேலை முடிந்த அன்று இரவே திருச்சி பிளைட்டுக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். உள்ளே போய்வந்த அன்றே பறக்கலாமா? வெளியே வந்தபின் வலி வந்தால் யாரிடம் சொல்வது, சொன்னால் டீமிலிருந்து எடுத்துவிடுவார்களா? இதையெல்லாம் நேரில் பார்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.


பழைய லாக்காரன்:

தம்பி, நீங்கள் உள்ளே போகும் அந்த மேன்லாக்குக்கு வெளியே வால்வில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் நான். லாக் அட்டெண்டன்ட். சிங்கப்பூர் சுரங்கங்களில்தான் என் காலம் போனது. இப்போது மன்னார்குடிப் பக்கம் வயல், மாடு என்று இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எதற்காகக் காற்று என்று தெரிந்துகொள்ளுங்கள். மெஷின் ஓடும்போது முன் அறை நிறைய மண் இருக்கும். எதிரே இருக்கும் மண்ணையும் நீரையும் அந்த மண்தான் தடுத்து நிறுத்துகிறது. கட்டர் மாற்ற ஆள் போக வேண்டுமானால் அந்த மண்ணைப் பாதிக்கு மேல் எடுத்தாக வேண்டும். எடுத்தால் நிலத்தடி நீர் உள்ளே பாயும், மேலே ரோடே இறங்கிவிடும். எனவே முகப்பில் பென்டோனைட் களிமண் குழம்பு பூசி, காலியான இடத்தில் காற்றை அடைத்து நீரைத் தள்ளி நிறுத்துகிறோம். 10 மீட்டர் நீருக்கு 1 பார் (அழுத்தத்தின் அளவு) என்று கணக்கு. நிலத்தடி நீர்மட்டத்துக்கு 20 மீட்டர் கீழே மெஷின் நின்றால் சுமார் 2 பார் காற்று வேண்டும். காருக்கு நாம் அடிக்கிற 30 சொச்சம் பிஎஸ்ஐ என்பது 2 பாருக்குச் சற்று மேலே. ஓடுகிற கார் டயருக்குள் உட்கார்ந்து வேலை பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். "சும்மா உட்கார்ந்து எழுந்து வருகிற வேலை" என்ற அந்த அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

உள்ளே போவது பயப்படும் அளவுக்கு இல்லை. காதுதான் தொல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மெதுவாக ஊதினால் 'டப்' என்று விடும். அமெரிக்காவின் ஓஷா (வேலையிடப் பாதுகாப்பு அமைப்பு) விதியில் இதற்குத் தெளிவான கணக்கு இருக்கிறது. முதல் நிமிடத்தில் 3 பிஎஸ்ஐக்கு மேல் ஏற்றக்கூடாது. 3லும் 7லும் நிறுத்தி, யாருக்காவது கஷ்டமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதற்குப் பிறகும் நிமிடத்துக்கு 10 பிஎஸ்ஐயைத் தாண்டக்கூடாது. ஒருவர் காது வலிக்கிறது என்று கை காட்டினால் ஏற்றுவதை நிறுத்த வேண்டும். ஐந்து நிமிடத்தில் சரியாகாவிட்டால் மெல்ல இறக்கி, அப்போதும் தீராவிட்டால் ஆளை வெளியே விட்டுவிட வேண்டும். எங்கள் பழக்கமும் கிட்டத்தட்ட இதுதான். கை காட்ட வெட்கப்படாதீர்கள். உங்களோடு உள்ளே இருப்பவர்கள் முணுமுணுப்பார்கள், முணுமுணுக்கட்டும். செவிப்பறை கிழிந்தால் அது உங்கள் காது.

மூக்கடைப்பு பற்றிக் கேட்டீர்கள். சளி பிடித்திருக்கும் நாளில் போகவே கூடாது. மூக்குக்கும் காதுக்கும் நடுவில் இருக்கும் குழாய் வீங்கியிருந்தால் எவ்வளவு ஊதினாலும் காது திறக்காது. மூக்கில் சொட்டு மருந்து போட்டுக்கொண்டு சமாளித்து உள்ளே போகிறவர்கள் உண்டு. உள்ளே இருக்கும்போது மருந்தின் வேகம் குறைந்து மறுபடி அடைத்துக்கொண்டால், வெளியே வரும்போது காற்று வெளியேற வழியில்லாமல் நெற்றியும் கன்னமும் வெடிக்கிற மாதிரி வலிக்கும். அடிக்கடி வரும் அடைப்பு என்றால் மெடிக்கலில் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். சைனஸ் எப்படி இருக்கிறது என்று அவர் பார்த்துச் சொல்வார். சிங்கப்பூரில் அழுத்தக் காற்று வேலைக்கு மருத்துவப் பரிசோதனை சட்டப்படி கட்டாயம், அதுவும் அதற்கென்று பதிவு பெற்ற டாக்டரிடம். வேலை தொடங்கும் முன் ஒரு முறை, தொடர்ந்தால் மறுபடியும். கம்பெனி தரும் சலுகை என்று யாராவது பேசினால் நம்பாதீர்கள்.

அடுத்து வெளியே வருவது. இந்த வேலையில் விதி என்று இருப்பதில் முக்கால்வாசி இதற்காகத்தான்.

நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். அழுத்தம் கூடினால் அது ரத்தத்திலும் கொழுப்பிலும் மூட்டிலும் கரைந்து சேர்ந்துகொண்டே போகும். அது வலிக்காது, தெரியவே தெரியாது. அழுத்தத்தை மெதுவாகக் குறைத்தால் நுரையீரல் வழியே திரும்பிப் போய்விடும். வேகமாகக் குறைத்தால் சதைக்குள்ளேயே குமிழாகப் பிரியும். மூட்டில் பிரிந்தால் வலி, தோலில் பிரிந்தால் அரிப்பும் திட்டும், முதுகுத்தண்டில் பிரிந்தால் கால் விழுந்துவிடும். எவ்வளவு நேரம் எடுத்து வெளியே வர வேண்டும் என்பதற்கு டேபிள் உண்டு. அழுத்தம் எவ்வளவு, உள்ளே எவ்வளவு நேரம் என்ற இரண்டையும் வைத்து அதைப் பார்ப்போம். 3 பார் பக்கம் போனால் வேலை செய்த நேரத்தைவிட வெளியே வர எடுக்கும் நேரம் நீண்டுவிடலாம்.

இதில் எல்லோரும் குழப்பிக்கொள்கிற ஓர் இடம் இருக்கிறது. உள்ளே இருந்த நேரம் என்றால் கட்டரில் ஸ்பேனர் வைத்த நேரம் மட்டும் இல்லை. அழுத்தம் ஏற ஆரம்பித்த நிமிடத்திலிருந்து, இறக்க ஆரம்பிக்கிற நிமிடம் வரை கணக்கு. காதுக்காக நின்ற நேரமும் அதில் சேரும். "ஒரே ஒரு போல்ட்தான் பாக்கி, அஞ்சு நிமிஷம்" என்று உள்ளிருந்து போன் வரும். அந்த அஞ்சு நிமிஷம் டேபிளில் அடுத்த வரிக்குத் தள்ளிவிட்டால் வெளியே வர இன்னும் பல நிமிடம் கூடும். நான் போல்ட்டை அப்படியே விட்டுவிட்டு வரச் சொல்வேன். திட்டு வாங்கியிருக்கிறேன். அடுத்த டீம் முடிக்கட்டுமே, கட்டர் எங்கே ஓடிவிடப் போகிறது?

இறக்கும்போது உள்ளே எப்படி இருக்கும் என்று யாரும் உங்களுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். அழுத்தம் குறையக் குறையக் காற்று சில்லென்று ஆகும். வியர்வையில் நனைந்த ஆட்கள் மூன்று பேர் அந்த இரும்புப் பீப்பாய்க்குள் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருப்பார்கள். திடீரென்று உள்ளே பனிமூட்டம் இறங்கும். கண்ணாடித் துளை வழியே பார்த்தால் வெள்ளை ஹெல்மெட் மட்டும் தெரியும், முகம் தெரியாது. உள்ளே மூடிவைத்த தண்ணீர் பாட்டில் உப்பிக்கொண்டு 'டொக்' என்று சத்தம் போடும். புதிதாக வந்தவர்கள் அதற்கே பயப்படுவார்கள். காய்ந்த துணியும் போர்வையும் லாக்கில் இருக்கிறதா என்று போகும்போதே பார்த்துக்கொள்ளுங்கள். உடம்பு குளிர்ந்தால் கைகால் ரத்த ஓட்டம் குறைந்து நைட்ரஜன் வெளியேறுவது தாமதமாகும். போர்வை சொகுசுக்காக வைத்தது இல்லை.

இறக்கும்போது முகமூடி வழியே ஆக்சிஜன் கொடுப்பார்கள், நைட்ரஜன் சீக்கிரம் வெளியேறும். நல்ல முறைதான், ஆனால் தீ விஷயத்தில் அதைவிட ஆபத்தானது இல்லை. அழுத்தக் காற்றில் சாதாரண நெருப்பே பேயாக எரியும். அதில் ஆக்சிஜனும் கசிந்தால் கேட்கவே வேண்டாம். மூச்சுவிட்ட ஆக்சிஜன் தனிக் குழாயில் வெளியே போக வேண்டும். லாக்குக்குள் ஆக்சிஜன் அளவு 23 சதவீதத்தைத் தாண்டாமல் மீட்டர் வைத்துப் பார்ப்போம். முகமூடி முகத்தில் சரியாகப் பொருந்தாமல் ஒருவர் அரட்டை அடித்தால் மீட்டர் ஏறுவது எனக்கு வெளியே தெரியும். லைட்டர், சிகரெட், போன், பவர்பேங்க் எதுவும் உள்ளே போகக்கூடாது. பருத்தித் துணிதான் போட வேண்டும், நைலான் கூடாது. நம் ஆட்கள் மறந்துபோவது தலைக்கு எண்ணெய். ஆக்சிஜனும் எண்ணெயும் சேரவே கூடாது. தேங்காய் எண்ணெய் மணக்க வந்தவர்களை லாக் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

வெளியே வந்தபின்: உடனே கடினமான வேலை, ஓட்டம், ஜிம் வேண்டாம். முந்தின இரவும் அன்று இரவும் தண்ணி அடிக்கக் கூடாது. குடிக்கிற தண்ணீர் நிறையக் குடியுங்கள். மெடிக்கல் லாக் (வலி வந்தவரை மறுபடி அழுத்தத்தில் வைக்கும் அறை) இருக்கும் இடத்தைவிட்டு, சொல்லும் நேரம்வரை நகரக் கூடாது. குமிழால் வலி வருவதானால் பெரும்பாலும் முதல் சில மணி நேரத்தில் தெரிந்துவிடும், ஒரு நாள் வரைகூட இழுக்கலாம்.

பிளைட்: அன்றே கண்டிப்பாகக் கூடாது. விமானத்துக்குள் காற்றழுத்தம் சுமார் 2,000 மீட்டர் உயர மலைமேல் இருப்பதுபோல்தான் இருக்கும். உடம்பில் மிச்சம் இருக்கும் நைட்ரஜன் அங்கே குமிழாகும். நடுவானில் கால் மரத்தால் என்ன செய்வீர்கள்? குறைந்தது 24 மணி நேரம் இடைவெளி வேண்டும். உங்கள் தளத்து டாக்டர் அதிகமாகச் சொன்னால் அவர் சொல்வதுதான் கணக்கு. டிக்கெட் மாற்ற முடியவில்லையென்றால் ஊருக்குக் கிளம்பும் முன் இரண்டு நாளைக்குப் பெயர் போட வேண்டாம் என்று இப்போதே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வலி வந்தால் சொல்ல வேண்டுமா என்ற கேள்விக்கு ஒரே பதில்தான். உடனே சொல்ல வேண்டும், நள்ளிரவு இரண்டு மணியாக இருந்தாலும். டீமிலிருந்து எடுப்பார்களா என்றால், சில நாள் எடுக்கத்தான் செய்வார்கள், எடுக்கவும் வேண்டும். அலவன்ஸ் போகிறதே என்று தோள்வலியை அமுக்கி வைக்கிறவர்கள்தான் எனக்குப் பயம் தந்தவர்கள். லாக் வால்வு திருகுவது என் கையில் இருக்கிறது, டார்மிட்டரியில் போர்வைக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவரை நான் எப்படிப் பார்ப்பது?


சிவில் தாத்தா:

லாக்காரர் சொன்னது அனைத்தும் சரி. இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று கொஞ்சம் சேர்க்கிறேன். சென்னையில் பாலத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன், இந்த விஷயத்தில் எனக்கு ஒரு பித்து உண்டு.

நியூயார்க்கின் புரூக்ளின் பாலத்துக்கு ஆற்றடியில் கேசான் (அழுத்தக் காற்று அடைத்த, அடியில் திறந்த அடித்தளப் பெட்டி) இறக்கினார்கள். மன்ஹாட்டன் பக்கக் கேசான் 78 அடி ஆழம் போனது. ஆழம் கூடக் கூட ஆட்கள் மூட்டுகளைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார்கள், சிலர் இறந்தார்கள். தலைமைப் பொறியாளர் வாஷிங்டன் ரோப்ளிங் 1872ல் பாறையைத் தொடும் முன்பே, மணலிலேயே கேசானை நிறுத்திவிட்டார். அதே நோய் அவரையும் படுக்கவைத்தது. மனைவி எமிலி ரோப்ளிங்தான் அவருக்கும் வேலைத்தளத்துக்கும் நடுவே நின்று 1883 வரை வேலையைக் கொண்டுசென்றார். காரணம் நைட்ரஜன் குமிழ் என்று பிரான்சின் பால் பெர் 1878ல் எழுதினார். படிப்படியாக நிறுத்தி நிறுத்தி இறக்கும் டேபிளை ஆடுகளை வைத்துச் சோதித்து ஹால்டேன் 1908ல் வெளியிட்டார். நீங்கள் மூவர் உட்கார்ந்து குளிரில் நடுங்கப்போகும் அந்த நேரத்துக்குத் தாத்தா அந்தக் கட்டுரை.

எனக்குப் பிடித்த ஆள் எர்னஸ்ட் மோயிர். ஹட்சன் ஆற்றுக்கடியில் போட்ட சுரங்கத்தில் 1880ல் காற்று வெடித்து வெளியேறி நீர் புகுந்ததில் 20 பேர் இறந்தார்கள். அது ஒரு பக்கம். அதற்கப்பால் நோயால் மட்டும் 45, 50 பேர் கொண்ட கூட்டத்தில் மாதத்துக்கு ஒருவர் செத்துக்கொண்டிருந்தார். 1890 வாக்கில் மோயிர் அங்கே போய், வலி வந்தவரை மறுபடி அழுத்தத்துக்குள் வைத்து மெல்ல இறக்குவதற்கென்றே மேலே ஓர் இரும்பு அறை கட்டினார். அதன்பின் 15 மாதத்தில் 120 பேரில் இறந்தவர்கள் இருவர். இன்று நாம் மெடிக்கல் லாக் என்கிறோமே, அது இதுதான். புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கவில்லை, ஒரு பீப்பாய் வாங்கி வைத்தார், அவ்வளவுதான். அந்தச் செலவைச் செய்ய அதற்கு முன் அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

நம் நாட்டிலும் இது புதிதில்லை. கல்கத்தா ஹவுரா பாலத்தின் கல்கத்தாப் பக்க அடித்தளத்தில் ஓடுமணல் வந்ததால் சுமார் 40 பிஎஸ்ஐ அழுத்தத்தில் 500 பேரை வைத்து வேலை வாங்கினார்கள். 40 பிஎஸ்ஐ என்றால் 2.8 பார். 1943ல் பாலம் திறந்தது. பாலத்தின் மேலே நடப்பவர்களில் எத்தனை பேருக்கு அது தெரியும்!


தோள்வலி தோழன்:

அறந்தாங்கித் தம்பிக்கு, நான் இந்த வேலை செய்தவன். கம்பெனி பெயர் வேண்டாம், வேறு நாடு, வேறு சுரங்கம்.

மாலை வெளியே வந்தபோது நன்றாகத்தான் இருந்தேன். சாப்பிட்டுப் படுத்தேன். நள்ளிரவில் வலது தோளுக்குள், எலும்புக்குள்ளேயே, பல்வலி மாதிரி ஒன்று. தடவினாலும் குறையவில்லை, எப்படிப் படுத்தாலும் குறையவில்லை. தொட்டுப் பார்த்தால் வீக்கம் இல்லை, சிவப்பு இல்லை. இரவு சூப்பர்வைசருக்குப் போன் போட்டேன். "பக்கத்து கிளினிக் போ, காலையில் பார்க்கலாம்" என்றார். கிளினிக் டாக்டர் சிறு வயது, நல்ல மனிதர். கனமான பொருள் தூக்கினீர்களா என்றார். கட்டர் ஒன்று நூறு கிலோவுக்கு மேல், தூக்கினோம்தானே, ஆமாம் என்றேன். சதைப்பிடிப்பு என்று மாத்திரை கொடுத்தார். அழுத்தக் காற்று என்று நான் சொன்னேன், என் பாஷையும் அவர் பாஷையும் ஒட்டவில்லை.

விடிந்ததும் ஷிஃப்ட் மாறி வந்த சேஃப்டி ஆபீசர் கேள்விப்பட்டு ஓடிவந்தார். நேராக மெடிக்கல் லாக். அழுத்தம் ஏற ஏற வலி கரைவதை உணர்ந்தேன், அது தோள் சதை இல்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். முழு சிகிச்சைக்குப் பல மணி நேரம் ஆனது.

சொல்ல வந்தது பேட்ஜைப் பற்றி. அமெரிக்க விதியில் அழுத்தக் காற்றுத் தொழிலாளிக்கு ஓர் அடையாள அட்டை கொடுத்தாக வேண்டும். வேலையிலும் வேலைக்கு வெளியேயும் அதை அணிந்திருக்க வேண்டும். பெயர், மெடிக்கல் லாக் இருக்கும் முகவரி, டாக்டர் போன் நம்பர், காரணம் தெரியாமல் மயங்கிக் கிடந்தால் மெடிக்கல் லாக்குக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற குறிப்பு எல்லாம் அதில் இருக்கும். எங்களுக்கு அது கொடுக்கவே இல்லை. அன்று என் கழுத்தில் அது தொங்கியிருந்தால் அந்தக் கிளினிக் டாக்டர் படித்திருப்பார். ஆறு மணி நேரம் வீணாகியிருக்காது. மயங்கிக் கிடப்பவரைக் குடிபோதை என்று போலீஸ் நினைத்துவிடும் என்பதும் அந்த அட்டைக்கு ஒரு காரணம் என்று பின்னால் ஒரு டாக்டர் சொன்னார்.

உங்களுக்கு அட்டை கொடுத்தார்களா என்று பாருங்கள். கொடுத்தால் பெட்டியில் வைக்காமல் கழுத்தில் போடுங்கள், குளிக்கும்போதுகூட. கொடுக்கவில்லையென்றால் கேளுங்கள்.

எலும்பு விஷயமும் உண்மைதான். தொடை எலும்பின் தலை, தோள் எலும்பின் தலை, இந்த இடங்களில் ரத்தம் போகாமல் எலும்பு செத்துப்போகலாம். மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் ஒன்றும் தெரியாது. மூட்டின் பரப்பு உள்ளே அமுங்கிய பிறகுதான் வலிக்கும். எனக்கு ஸ்கேனில் தோளில் ஒரு புள்ளி இருக்கிறது, மூட்டைத் தொடவில்லை, வருஷம் ஒரு முறை பார்த்துக்கொள்கிறேன்.


அறந்தாங்கிக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. டிக்கெட்டைத் தள்ளிப் போட்டுவிட்டேன், தங்கையிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். தோழர் சொன்ன மாதிரி பின்னால் எலும்பில் வந்தால் சிங்கப்பூரில் இழப்பீடு கேட்க முடியுமா? அப்போது நான் ஊருக்கே வந்திருப்பேனே?


தோள்வலி தோழன்:

நான் சிங்கப்பூர் இல்லை, லாக்காரர் சொல்லட்டும்.


பழைய லாக்காரன்:

முடியும். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தில் அழுத்தக் காற்று நோயும் தொழில் நோய்ப் பட்டியலில் இருக்கிறது, அதன் பின்விளைவான எலும்பு பாதிப்பும் சேர்த்துத்தான். ஒர்க் பெர்மிட் காரருக்கும் அது பொருந்தும். அந்தக் கம்பெனியைவிட்டு விலகிய பிறகும், அந்த நோய்க்குச் சட்டம் குறித்த காலத்துக்குள் வந்தால் கேட்கலாம். ஆனால் நோய் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கோர வேண்டும். மனிதவள அமைச்சிடம் நேரடியாகவே பதியலாம், முதலாளி கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. டாக்டர் எழுதிய தாள் உங்கள் கையில் இருக்க வேண்டும், வாட்ஸ்அப் போட்டோ மட்டும் போதாது.


மெட்ரோ சைட் இன்ஜினியர்:

சென்னையில் டிபிஎம் சைட்டில் இருக்கிறேன். இங்கே எந்த விதியைக் காட்டி நிர்வாகத்திடம் கேட்பது? டெண்டரில் வெளிநாட்டு ஸ்டாண்டர்ட் பெயர் எழுதியிருக்கிறார்கள், தளத்தில் அதன் பிரதி யாரிடமும் இல்லை.


சிவில் தாத்தா:

இந்தியத் தர நிர்ணயத்தில் ஐஎஸ் 4138 என்று 1977ல் வந்த ஒன்று இருக்கிறது, அழுத்தக் காற்றில் வேலை செய்வதற்கான பாதுகாப்பு நெறி. பழையது, ஆனால் மேன்லாக், மெடிக்கல் லாக், இறக்கும் முறை என்று அடிப்படை அதில் இருக்கிறது. கட்டடம் மற்றும் இதர கட்டுமானத் தொழிலாளர் மத்திய விதிகள் 1998ல் மேன்லாக்குக்கும் மெடிக்கல் லாக்குக்கும் விளக்கமே கொடுத்திருந்தார்கள், மெடிக்கல் லாக் என்றால் இரண்டு அறை கொண்டது என்று. தமிழ்நாட்டுக்குத் தனியாக 2006 விதிகள் வந்தன. ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923ன் மூன்றாம் அட்டவணையிலும் அழுத்தக் காற்று வேலையால் வரும் நோய் இருந்தது. 2025 நவம்பரில் இந்தப் பழைய தொழிலாளர் சட்டங்களுக்குப் பதிலாகப் புதிய சட்டத் தொகுப்புகள் வந்துவிட்டன, நிர்வாகத்திடம் கேட்கும் முன் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் தம்பி, டேபிள் மட்டும் பழைய நெறியிலிருந்து எடுக்காதீர்கள். ஆக்சிஜன் கொடுத்து இறக்குவதற்கான புதிய டேபிளை, இந்த வேலை தெரிந்த டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். டெண்டரில் பெயர் சொன்ன ஸ்டாண்டர்டின் பிரதியைத் தளத்தில் வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், அதற்குக் காசு கொடுத்திருக்கிறார்கள்.


மெட்ரோ சைட் இன்ஜினியர்:

நன்றி ஐயா. லாக்காரர் அண்ணனிடம் ஒன்று: நீங்கள் ஒரு சைட்டுக்குள் நுழைந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?


பழைய லாக்காரன்:

கம்ப்ரசர். ஓடுவது போக இன்னொன்று நிற்கிறதா, அதற்குக் கரண்ட் வேறு வழியாக வருகிறதா, ஜெனரேட்டரை இந்த வாரம் ஓட்டிப் பார்த்தார்களா. உள்ளே ஆள் இருக்கும்போது காற்று நின்றுபோனால் முகப்பு இடியும், ஆட்களுக்கும் அழுத்தம் விழும். அப்புறம் லாக் அட்டெண்டன்ட் யார் என்று கேட்பேன். உள்ளே ஒருவர் இருக்கும் வரை அவர் இடத்தைவிட்டு எழக்கூடாது, டீக்குக்கூட. எழுந்தால் மாற்று ஆள் உட்கார்ந்த பிறகுதான். வால்வு பார்க்கிறவரையே லோகோ (சுரங்கத்துக்குள் ஓடும் சரக்கு ரயில்) பக்கமும் கூப்பிட்டு வேலை வாங்குகிற சைட் என்றால், நான் திரும்பி வந்துவிடுவேன்.

மெடிக்கல் லாக்கையும் திறந்து பாருங்கள். சில இடங்களில் அதற்குள் சிமென்ட் மூட்டையும் ரெயின்கோட்டும் வைத்திருப்பார்கள். யாருக்காவது வலி வந்த பிறகு அதைக் காலி செய்ய ஆரம்பிப்பார்கள்.


அறந்தாங்கிக்காரன்:

மெடிக்கல் முடிந்தது. காது, நுரையீரல், ஈசிஜி, எலும்பு எக்ஸ்ரே எல்லாம் எடுத்தார்கள். மூக்குத் தண்டு கொஞ்சம் வளைந்திருக்கிறதாம், காது டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை பெயர் சேர்க்க மாட்டார்களாம். அட்டை பற்றிக் கேட்டேன், டீமில் சேர்ந்ததும் தருவார்களாம், மாதிரியைக் காட்டினார்கள். தமிழில் பிரீஃபிங் கேட்டோம், பத்து பேருக்கு மேல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்ததால் ஒத்துக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் ஏதாவது கேட்டு வாங்க வேண்டியது உண்டா?


பழைய லாக்காரன்:

உண்டு. ஒவ்வொரு முறை உள்ளே போனபோதும் தேதி, அழுத்தம், ஏறிய நேரம், இறங்க ஆரம்பித்த நேரம், வெளியே வந்த நேரம், ஆக்சிஜன் கொடுத்தார்களா என்பது லாக் ரெஜிஸ்டரில் இருக்கும். வேலை முடிந்து போகும்போது உங்கள் பெயருக்கு உள்ள பக்கங்களின் நகலைக் கேளுங்கள். இங்கிலாந்தின் 1996 விதியில் மருத்துவப் பதிவை 40 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. எலும்பு பாதிப்பு பல வருஷம் கழித்துக்கூடத் தெரியலாம். சைட் ஆபீஸ் கண்டெய்னர் 40 வருஷம் நிற்காது, திட்டம் முடிந்ததும் கழற்றிவிடுவார்கள். இன்று எடுத்த எலும்பு எக்ஸ்ரேயின் நகலும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் ஒரு படம் எடுத்தால் ஒப்பிட்டுப் பார்க்க முதல் படம் வேண்டும். காது டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.